இத்தாலிக்காரியும் மூன்றாம் ஓலையும்

7 ஆகஸ்ட் 1971, சனி

இதில் நான் எழுதப்போகும் கதையை ஒருத்தரும் நம்பப்போவதில்லை. மாதா கோவில் மணியின் மேல் கை வைத்து இதைச் சொல்கிறேன். மணி உயரத்தில் இருப்பதால் மனத்தால் கை வைத்திருக்கிறேன். நம்பாதவர்கள் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. பாதி நேரம் நானே என்னை நம்புவதில்லை. இருந்தாலும் ஒரு பெரிய மனிதனின் வீட்டில் பெரிய காரியம் நடக்கும்போது அதை எழுதி வைக்காமல் விடுவது உலகத்துக்குச் செய்யும் துரோகம்.

அந்தப் பெரிய மனிதன் நான்தான். கஸ்பார் மோத்தா. தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கு எண்ணும் குமாஸ்தா. கப்பலிலிருந்து தோணியில் இறங்கும் ஒவ்வொரு கோதுமை மூட்டையும் என்னை ஒருமுறை பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் கரைக்குப் போகும். நான் ஒருநாள் எண்ணாவிட்டால் தென்னாட்டுக்குச் சோறு கிடையாது. கல்யாணம் ஆகவில்லை. எனக்குத் தகுந்த பெண்ணை ஆண்டவர் இன்னும் செய்துகொண்டிருக்கிறார். நல்ல வேலை நேரமெடுக்கும்.

என் அக்காள் மகள் ஜெசிந்தாவுக்குக் கல்யாணம். அத்தான் காலமான பிறகு அந்த வீட்டுக்குத் தூணாக நிற்பவன் நான். தூண் பக்கத்துத் தெருவில் குடியிருக்கிறது, அவ்வளவுதான். மாப்பிள்ளை ரோமால்ட் கர்டோசா, கப்பலில் மூன்றாம் இன்ஜினியர். ஜப்பான், ஜெனோவா, லிவர்பூல் என்று உலகத்தையே மூன்று தடவை சுற்றியவன். ஆள் ஆறடி. சிரித்தால் கலங்கரை விளக்கம் வெட்கப்பட்டு அணைந்துவிடும். இப்படி ஒருவனைக் கண்டுபிடித்தது யார்? அடியேன். இதற்காக எனக்கு ஒரு சிலை வைக்கலாம், கடற்கரையில், கடலைப் பார்த்தபடி.

நாளை முதல் ஓலை. எங்கள் வழக்கம் தெரியாதவர்களுக்காக: கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் வாசிப்பார். “இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதேனும் இருப்பதாகத் தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள்” என்பார். அதுதான் ஓலை. ஒருத்தரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். இருமுவார்கள். ஓலை ஆரம்பித்த பிறகு எங்கள் தெருவில் ஒரு கல்யாணமும் நின்றதில்லை. நின்றால் கடல் பின்வாங்கிவிடும் என்பது என் அக்காளின் நம்பிக்கை.

8 ஆகஸ்ட், ஞாயிறு

முதல் ஓலை வாசிக்கப்பட்டது. கோவிலில் ஒரு லட்சம் பேர். என் புதுச் சட்டையைப் பார்க்க வந்தவர்கள் அதில் பாதி.

மத்தியானம் அக்காள் வீட்டில் சாப்பாடு. சீலா மீன் குழம்பு. நடுக்கண்டம் மாப்பிள்ளை தட்டுக்குப் போனது. இருபது வருடமாக அது என் தட்டுக்கு வந்துகொண்டிருந்த கண்டம். எனக்கு வால். மகுடம் இழந்த மன்னன்போல் வாலை மென்றேன்.

ரோமால்ட் கை கழுவும்போது சொன்னான்: “கல்யாணத்துக்குப் பொறவு அந்த டெலிபோன் வேல வேண்டாம், ஜெசி.”

ஜெசிந்தா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆப்பரேட்டர். தூத்துக்குடியில் யார் யாரோடு பேச வேண்டும் என்று தீர்மானிப்பவள் அவள்தான். மாமனைக்கொண்டு மருமகள், அதிகாரம் எங்கள் ரத்தத்தில் ஓடுகிறது.

“மூணு வருசம் காத்துக் கெடந்து இப்பத்தான் பெர்மனென்ட் ஆச்சு” என்றாள்.

“ஊரு ஆம்பள அம்புட்டுப் பேரும் ஒன் காதுக்குள்ள பேசுதான். எனக்குப் பிடிக்கல.”

“நம்பர் கேப்பாவ. குடுப்பேன். அவ்வளவுதான பேச்சு?”

“அவரு சொல்லுததும் சரிதானட்டி” என்றாள் அக்காள், குழம்புச் சட்டியைப் பார்த்துக்கொண்டு.

ஜெசி என் பக்கம் திரும்பினாள். “மாமா, நீங்க சொல்லுங்க.”

நான் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டேன். அருமையான ரசம். அதைப்பற்றித் தனியாக ஒரு காவியம் எழுதலாம்.

10 ஆகஸ்ட், செவ்வாய்

சீனிக் கப்பல். எண்ணி முடிப்பதற்குள் என் விரல்கள் இரண்டங்குலம் தேய்ந்தன.

சாயங்காலம் எக்ஸ்சேஞ்ச் வாசலில் ஜெசியைப் பார்த்தேன். என்னோடு நடந்து வந்தாள். நடுவில் சொன்னாள்: “மாமா, அவரு எக்ஸ்சேஞ்சுக்கு போன் போடுதாரு.”

“போடட்டுமே. ஆசையில போடுதான்.”

“கொரல மாத்திப் போடுதாரு. வேற ஆள மாதிரி. ‘ஒங்க கொரலு நல்லாருக்கே, ஒங்க பேரென்ன, எப்ப டூட்டி முடியும்’னு கேக்காரு. நான் பதில் சொல்லுதேனான்னு பாக்கதுக்கு.”

“அது அவன்தான்னு ஒனக்கு எப்படித் தெரியும்?”

“பேச ஆரம்பிக்கதுக்கு முந்தி தொண்டைய ஒரு செருமு செருமுவாரு. ஊருல இருக்க ஐநூறு தொண்டையும் எனக்குத் தெரியும் மாமா.”

நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஒரு காளை காதலுக்காகக் கீச்சுக் குரலில் பேசுகிறது என்றால் சிரிக்காமல் என்ன செய்வது? இரண்டு தெரு தாண்டியும் சிரித்துக்கொண்டிருந்தேன். அவள் சிரிக்கவில்லை என்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தேன். வெயில் அப்படி.

12 ஆகஸ்ட், வியாழன்

கடும் வெயில். மீன்கள் கடலிலேயே வெந்து, உப்பும் சேர்ந்து, கரையில் வந்து பரிமாறிக்கொண்டன. ஜெசி முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறாள். புது நாகரிகமாம்.

14 ஆகஸ்ட், சனி

இன்று என் புகழ் கடல் கடந்தது.

டீக்கடையில் பேராசிரியர் குற்றாலிங்கம் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். கல்லூரியில் இங்கிலீஷ் வாத்தியார். உலகத் திரை அன்பர் மன்றத்தின் செயலாளர். மாதம் ஒரு வெளிநாட்டுப் படம் வரவழைத்து, உப்புத் தொழிலாளர் சங்க மாடியில் போட்டு, ஊரைத் தூங்க வைப்பவர்.

“மோத்தா, சோலி முடிஞ்சுட்டு. அடுத்த சனிக்கிழமைக்கு இத்தாலிப் படம் மெட்ராஸ்ல இருந்து வந்திருக்கு. சின்னப்பிள்ள ஒருத்தி ஆம்பளைகள்ட்ட மாட்டிக்கிட்டு படுத பாடாம். கண்ணீர்க் காவியமாம். ஆனா அடியில எழுத்து இல்லாத காப்பிய அனுப்பிட்டானுவ. ஒரு வார்த்த வெளங்காது.”

“எதுக்கு வெளங்காது? நான் எதுக்கு இருக்கேன்?” என்றேன்.

இந்த வாக்கியம் என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. வந்துவிட்டது. வந்த வாக்கியத்தைத் திரும்ப விழுங்குகிற வழக்கம் மோத்தா வம்சத்தில் இல்லை.

“ஒமக்கு இத்தாலி தெரியுமா வே?”

“மோத்தா என்கிறது என்ன பேரு? போர்த்துக்கீசுப் பேரு. போர்த்துக்கீசும் இத்தாலியும் ஒண்ணுவிட்ட அண்ணன் தம்பி. போதாக்குறைக்கு இத்தாலிக் கப்பலெல்லாம் யாரு எண்ணுதது?”

என் இத்தாலிய அறிவை இங்கே நேர்மையாகப் பதிவு செய்கிறேன். ரொட்டி, ஒயின், சிகரெட், என்ன விலை, மாதாவே. அப்புறம் இன்னொன்று. ஐந்து வருடத்துக்கு முன் ஒரு இத்தாலிக் கப்பலில் மூட்டை இறக்கும்போது ஒரு பையனின் கை கயிற்றுக்கும் உருளைக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. தோணியில் கரை வந்து சேரும்வரை அவன் தலை என் மடியில். வழியெல்லாம் ஒரே வார்த்தைதான்: ‘ஃபா மாலே, ஃபா மாலே.’ வலிக்கிறது என்று அர்த்தம். யாரும் சொல்லித்தரவில்லை. தானாகவே விளங்கியது.

ஆக ஆறு. ஆறு வார்த்தையில் ஒரு நாட்டையே ஆண்டவர்கள் இருக்கிறார்கள்.

15 ஆகஸ்ட், ஞாயிறு

இரண்டாம் ஓலை. மாதா பரலோகம் போன திருநாள், சுதந்திர தினம் எல்லாம் ஒன்றாக வந்ததால் கோவிலில் பத்து லட்சம் பேர். சாமியார் ஜெரோனிமூஸ் தடை பற்றி வாசித்தபோது வழக்கம்போல எல்லாரும் இருமினார்கள். நானும்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஜெசி கிணற்றடியில் தட்டுக் கழுவினாள். நனையாமல் இருக்க ரவிக்கைக் கையை மேலே ஏற்றினாள். நான் பேச வாயெடுத்தவன் ஆகாயத்தைப் பார்த்தேன். ஆகாயம் நீலமாக இருந்தது. அவள் மணிக்கட்டைச் சுற்றி நாலு இடத்தில் நீலமாக இருந்தது.

“எக்ஸ்சேஞ்சுல ஒருத்தரு மூணு தடவ டிரங்க் கால் கேட்டாரு. இவரு ‘அவன் யாரு’ன்னு கேட்டுக் கையப் பிடிச்சாரு” என்றாள், தட்டைக் கழுவுவதை நிறுத்தாமல்.

“வேண்டாம்னு சொல்லிரு, பிள்ள.”

“எப்படி மாமா சொல்லுதது? ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. இதுக்குப் பொறவு வேண்டாம்னு சொன்ன பொம்பளைய நீங்க எங்கயாச்சும் பாத்திருக்கியளா? ஒருத்திய காட்டுங்க. ஒரே ஒருத்தி. நானும் சொல்லுதேன்.”

நான் யோசித்தேன். அவள் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு ரவிக்கைக் கையை இறக்கிக்கொண்டாள்.

உள்ளே போய் அக்காளிடம் பேச்சுக் கொடுத்தேன். “ஆம்பளன்னா கோவப்படத்தான் செய்வான். போகப்போகச் சரியாயிரும். இப்பப் போயி நிறுத்தினா பொறவு யாரு அவளக் கெட்டுவா? நீ கொண்டாந்த மாப்பிள்ளதானல, கஸ்பார்?” என்றாள். இதில் கடைசி வாக்கியம் என் காதில் சரியாக விழவில்லை. வீட்டுக்கு வந்தும் அது விழாமலே இருந்தது, விடியும்வரை.

17 ஆகஸ்ட், செவ்வாய்

அப்படி ஒருத்தியைத் தேடி ஊர் முழுக்க விசாரித்தேன். இல்லை.

18 ஆகஸ்ட், புதன்

வீரபாண்டியன்பட்டினத்தில் ஒருத்தி இருந்தாள் என்றார்கள். போய்ப் பார்த்தேன். ஓலை முடிந்து, கல்யாணமும் முடிந்து, ஒன்பது பிள்ளை. காப்பி கொடுத்தாள்.

20 ஆகஸ்ட், வெள்ளி

பேராசிரியருக்குக் கல்லூரியில் பரீட்சை. அதனால் சங்க மாடியில் நானும் புரொஜெக்டர் ஓட்டும் சுடலையும் மட்டும் படத்தை முன்கூட்டி ஓட்டிப் பார்த்தோம். மொழிபெயர்ப்பாளருக்கு ஒத்திகை வேண்டுமல்லவா.

கதாநாயகி துணி வெளுக்கும் கடையில் வேலை பார்க்கிறாள். பேர் அசுந்தா, படத்தில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். மீசை வைத்த முதலாளி கூலி கொடுக்கும்போது கையையும் சேர்த்துப் பிடிக்கிறான். எக்காளம் ஊதுகிறவன் ஒருவன் கல்யாணம் பண்ணுகிறேன் என்று சொல்லி ரயிலேறிப் போகிறான். மூன்றாவது ஒரு லாரிக்காரன். நல்ல பையன். அழகன். மெய்யாகவே அவள்மேல் உயிராக இருக்கிறான். இருந்துகொண்டே சாவித் துவாரத்தில் கண் வைக்கிறான். யாரோடு பேசினாய் என்கிறான். மணிக்கட்டைப் பிடிக்கிறான். அவள் ஓடிப்போகிறாள். தெருத்தெருவாக நடக்கிறாள், ஒரு இடத்தில் படுக்கை கிடைக்கவில்லை, ஒரு இடத்தில் வேலை கிடைக்கவில்லை. கடைசியில்?

கடைசியில் மழையில் நனைந்துகொண்டே அந்த லாரிக்காரன் வீட்டுக்குத் திரும்பிப் போய், முழங்கால் போட்டு அழுகிறாள். அவனும் அழுகிறான். கட்டிக்கொள்கிறார்கள். கோவில் மணி. கல்யாணம். சுபம்.

“சவத்து மூதி! திரும்பிப் போயிட்டாளே!” என்று சுவரைப் பார்த்துக் கத்தினேன். சுடலை பயந்து விளக்கைப் போட்டான்.

“அண்ணாச்சி, அவ என்ன சொல்லி அழுதா?”

“யாருக்குத் தெரியும்?” என்றேன். சொன்ன பிறகுதான் அந்தப் பதிலின் மகத்துவம் எனக்கே உறைத்தது.

யாருக்குத் தெரியும்! இந்த ஊரில் இத்தாலி தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

வரும் வழியில் அக்காள் வீட்டுக்குப் போய், “நாளைக்குச் சாயங்காலம் பிள்ளைய அனுப்பு, ஓசிப் படம், மாமன் பேசுதேன்” என்றேன்.

21 ஆகஸ்ட், சனி

சங்க மாடியில் நாற்பதாயிரம் பேர். நாற்பது என்பவர்கள் எண்ணத் தெரியாதவர்கள். பாதி பேர் கீழே உப்பளத்தில் வேலை முடித்து, காலில் உப்போடு ஏறி வந்தவர்கள். கையில் எனக்கு ஒரு மைக்.

ஆறரைக்கு ஜெசி வந்தாள். பின்னாலேயே ரோமால்ட். “தனியா எதுக்குப் போகணும்னு நானும் வந்தேன் மாமா” என்று கலங்கரை விளக்கத்தை அணைக்கும் அந்தச் சிரிப்பைச் சிரித்தான். இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தார்கள்.

படம் ஆரம்பித்தது. இத்தாலிய மொழிக்கு அதுவரை கிடைக்காத கௌரவத்தை நான் கொடுத்தேன். மீசை முதலாளி ஒரு வார்த்தை பேசினால் நான் பதினைந்து பேசினேன். எக்காளக்காரன் ரயிலேறியபோது, “திருச்சியில் இறங்கிக் கடிதம் போடுகிறேன்” என்றான் என் இத்தாலியில். உப்பளத்து ஆட்கள் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். பேராசிரியர்கூடச் சிரித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

பிறகு லாரிக்காரன் வந்தான். அவள் கையைப் பிடித்தான். அவள் ஒன்று சொன்னாள். ‘ஃபா மாலே’ அதில் இருந்தது.

“வலிக்குது, விடுங்க” என்றேன் மைக்கில். என் குரல் ஏனோ தாழ்ந்துவிட்டது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஜெசி தன் இடதுகை ரவிக்கை விளிம்பை வலதுகையால் மூடிக்கொண்டாள்.

கடைசிச் சுருள். மழை. அசுந்தா கதவைத் தட்டுகிறாள். என் நெற்றியிலிருந்து வழிந்த வேர்வையில் ஒரு தோணி விடலாம். ஆனாலும் தொடங்கினேன்.

“அவள் சொல்கிறாள்: ‘உன் மோதிரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தேன்.’”

“மோதிரத்தக் காணலியே, அண்ணாச்சி?” என்றது ஒரு குரல்.

“மழையில தெரியல. பேசாம இரும்.”

அவள் முழங்கால் போட்டாள். “‘தப்பித்தேன், மாதாவே’ என்று முழங்காலில் நின்று நன்றி சொல்கிறாள்.”

அவன் அவளைத் தூக்கினான். கட்டிக்கொண்டு இருவரும் அழுதார்கள். ஒரு கணம் என் வம்சமே வாயடைத்தது. ஒரே கணம்தான். “செத்தவனைக் கட்டி அழுவதுபோல அழுகிறாள்! ‘இன்றோடு நீ எனக்குச் செத்தாய்’ என்கிறாள். அந்த நாட்டு வழக்கம் அது.”

“என்ன ஒரு குறியீடு!” என்று பேராசிரியர் முனகிக்கொண்டு எதையோ எழுதினார்.

கோவில் மணி. வெள்ளை முக்காட்டில் அசுந்தா.

“இது அவள் தங்கச்சி கல்யாணம்!”

“வே, மொகம் அவ மொகமால்லா இருக்கு?”

“ரெட்டப் பிள்ளைக!”

சிரிப்பில் மாடி அதிர்ந்தது. அப்போதுதான் ரோமால்ட் எழுந்தான். புரொஜெக்டர் வெளிச்சம் நேராக அவன்மேல் விழ, அவன் நிழல் திரையில் கோவிலையே மறைத்தது.

“அம்புட்டும் பொய்! நான் ஜெனோவாவுல எட்டு மாசம் கெடந்தவன். எனக்கு அந்தப் பாஷ தெரியும். அவ மன்னிப்புக் கேக்கா! ‘தப்பு எம்மேலதான், இனி நீங்க சொல்லுதபடி இருக்கேன்’னு சொல்லுதா. அவனையேதான் கெட்டுதா!”

ஜெனோவா! முதல் நாளே என் கையால் எழுதி வைத்த ஜெனோவா! எழுதிய நானே அதைத் திரும்பப் படிக்கவில்லை. உலகத்தில் இப்படி ஒரு முட்டாள் பிறக்க இருநூறு வருடம் ஆகும்.

“மாமா வேணும்னே சொல்லுதாரு. எல்லாம் ஒனக்குத்தான், ஜெசி. எந்தி. போவோம்.”

அவள் எழவில்லை. அவன் குனிந்து அவள் கையைப் பிடித்து இழுத்தான். திரையில் ஒரு பெரிய நிழல் கை ஒரு சின்ன நிழல் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. பின்னால் இத்தாலிக் கல்யாணம் நடந்துகொண்டிருந்தது.

“வலிக்குது. விடுங்க” என்றாள் ஜெசி.

கத்தவில்லை. நம்பர் சொல்லும் குரலில் சொன்னாள். ஐநூறு தொண்டைகளுக்குப் பதில் சொல்லிப் பழகிய குரல். மாடி முழுக்கக் கேட்டது.

அவன் விடவில்லை.

“ஏ தம்பி, அந்தப் பிள்ள விடச் சொல்லுதுல்லா?” என்று முதல் வரிசையில் ஒரு உப்பளத்து ஆள் எழுந்தார். அவரைப் பார்த்து அடுத்தவர். பிறகு நாற்காலிகள் உரசும் சத்தம்.

விட்டான். கொஞ்ச நேரம் அவனுக்கே தன் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அந்த ஆறடி ஆளைப் பார்க்க எனக்கு, ஆண்டவர் மன்னிக்கட்டும், பாவமாகக்கூட இருந்தது. தடதடவென்று படியிறங்கிப் போனான்.

ஜெசி புடவையைச் சரிசெய்துகொண்டு நேராக உட்கார்ந்தாள். “மாமா, மிச்சத்தையும் சொல்லுங்க.”

மிச்சம் ஏது? சுருள் முடிந்து, அறுந்த வால் சக்கரத்தில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. திரையில் வெறும் வெள்ளை. சுடலை விளக்கைப் போடப் போனான். கையைக் காட்டி நிறுத்தினேன்.

அந்த வெள்ளைத் திரையைப் பார்த்துச் சொன்னேன். அசுந்தா மறுநாள் காலையில் வேலைக்குப் போனாள். வழியில் நாலு பேர் பார்த்தார்கள். பார்த்துவிட்டு அவரவர் சோலிக்குப் போனார்கள். ரொட்டி வாங்கினாள். பாதியை நடந்துகொண்டே தின்றாள். அன்றைக்கு நல்ல வெயில். துணியெல்லாம் சீக்கிரம் காய்ந்தது.

“இது நல்ல முடிவு” என்றார் உப்பளத்துக்காரர். எல்லாரும் கை தட்டினார்கள்.

22 ஆகஸ்ட், ஞாயிறு

முதல் பூசைக்கு முன்னால் ஜெசி என் வீட்டு வாசலில் நின்றாள். “கோவிலுக்கு வாங்க மாமா. அம்மைக்குத் தெரியாது.”

சாமியார் ஜெரோனிமூஸ் பூசை உடுப்பு மாட்டிக்கொண்டிருந்தார். ஓலைத் தாள் மேசையில் இருந்தது.

“சாமி, இந்தக் கல்யாணத்துக்கு ஒரு தடை இருக்கு.”

“யாரு சொல்லுதா?”

“நான்தான்.”

“பொண்ணே வந்து தடை சொல்லுதது வழக்கமில்லையே, அம்மா.”

“தெரிஞ்சவுக சொல்லணும்னு ரெண்டு ஞாயிறும் நீங்கதான வாசிச்சிய, சாமி? எனக்குத்தான் தெரியும்.” ரவிக்கைக் கையை ஏற்றிக் காட்டினாள்.

சாமியார் ரொம்ப நேரம் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “நீ என்ன சொல்லுத, கஸ்பார்?”

அப்போது நான் ஒரு மாபெரும் சொற்பொழிவு ஆற்றினேன். கோவில் தூண்கள் கண்ணீர் விட்டன. பூசைக்கு உதவும் கோவில்பிள்ளை மட்டும், “நான் கொண்டாந்த மாப்பிள்ள, சாமி. பிள்ள சொல்லுதது சரி” என்று மட்டும்தான் நான் சொன்னதாகச் சாதிக்கிறான்.

“முப்பது வருசமா ஓலை வாசிக்கேன்” என்றார் சாமியார். “ஒருத்தரும் வந்ததில்ல. இதெல்லாம் எதுக்கு வாசிக்கோம்னு சில நாள் நெனச்சிருக்கேன்.” தாளில் ஒரு கோடு போட்டார்.

பூசையில் மூன்று ஜோடிப் பெயர் வாசிக்கப்பட்டது. எங்கள் ஜோடி இல்லை. அக்காள் திரும்பி ஜெசியைப் பார்த்தாள். ஜெசி பீடத்தைப் பார்த்தாள். நான் மாதாவைப் பார்த்தேன். மாதா பார்க்க வேண்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அகப்பை என்மேல் பறந்து வந்தது. “இத்தாலியாம் இத்தாலி! ஒன் வாய்க்கு வாய்க்கரிசி போட! எம்பிள்ள வாழ்க்கையில ஒனக்கு சினிமா கேக்கோ? ஊரு சிரிக்குமல, ஊரு சிரிக்கும்!”

 ஜெசி அம்மை முன்னால் வந்து நின்று ரவிக்கைக் கையை மடித்துவிட்டாள். ஒரு கை. பிறகு மறுகை. மறுகையிலும் இருந்தது எனக்கும் தெரியாது.

அடுப்பில் குழம்பு தீய்ந்தது. யாரும் இறக்கவில்லை.

மத்தியானம் கடற்கரைக்குப் போய்ப் பார்த்தேன். கடல் பின்வாங்கவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தது.

23 ஆகஸ்ட், திங்கள்

கர்டோசா வீட்டார் ஏழு வண்டியில் எழுபது பேர் வந்தார்கள். ஒற்றை ஆளாக வாசலில் நின்று அத்தனை பேரையும் சமாளித்தேன். இரண்டு பேர்தான் வந்தார்கள், சமாளித்தது அக்காள் என்று ஒரு வதந்தி உலவுகிறது. அக்காள் கதவில் கைவைத்து நின்று சொன்னதாகப் பேச்சு: “எம்பிள்ள கையில வெரல் தடம் இருக்கு. அது யாரு வெரலுன்னு ஒங்க மவன்கிட்டக் கேளுங்க. கேட்டுட்டு வாங்க, பேசுவோம்.” அவர்கள் திரும்ப வரவில்லை.

என் சட்டை கிழிந்தது மட்டும் உண்மை. ஆணியில் மாட்டியது.

26 ஆகஸ்ட், வியாழன்

ரோமால்ட் விடுப்பை முடித்துக்கொண்டு பம்பாய்க்கு ரயிலேறிவிட்டான். ஊர் சிரித்தது. செவ்வாயும் புதனும் சிரித்தது. இன்று முனிசிபல் தண்ணீர் வரவில்லை. ஊருக்கு வேறு வேலை வந்துவிட்டது.

29 ஆகஸ்ட், ஞாயிறு

பேராசிரியர் மன்ற மலரில் கட்டுரை எழுதுகிறாராம். அந்தப் படத்தின் மரணத் தழுவல் குறியீடு பற்றி. நான் தடுக்கவில்லை. கலைக்கு நான் செய்த தொண்டு நிலைக்கட்டும்.

மத்தியானம் அக்காள் வீட்டில் சாப்பாடு. சீலா மீன். அகப்பை சட்டிக்குள் போயிற்று, துழாவிற்று, வந்தது. நடுக்கண்டம் ஜெசி தட்டில் விழுந்தது. எனக்கு வால். ஆண்டவர் அறிய, இந்த வாலைப்போல ருசியான மீனை நான் தின்றதில்லை.

கிணற்றடியில் ஜெசி தட்டுக் கழுவினாள். அரைக்கை ரவிக்கை. கையில் நீலம் மஞ்சளாகிக் கொண்டிருந்தது.

“மாமா, அவரு சொன்னதுதான நெசம்? அவ திரும்பிப் போயிட்டா, அப்படித்தான?”

“ஆமா.”

“அப்படி ஒருத்தி இத்தாலியிலயும் இல்ல.”

“இல்ல, பிள்ள. தேடிப் பாத்துட்டேன்.”

சிரித்தாள். மூன்று வாரத்துக்குப் பிறகு. கிணற்றுக்குள் எதிரொலித்தது. “அப்ப நீங்க சொன்னது அம்புட்டும் பொய்யா?”

“ஒரு வரி நெசம்” என்றேன்.

எது என்று அவள் கேட்கவில்லை. தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினாள்.

இந்தக் கதையில் நாற்பதாயிரம் பேரை நம்ப வேண்டாம். வெந்த மீனை நம்ப வேண்டாம். என் சொற்பொழிவை நம்பவே வேண்டாம். ஆனால் அந்த இத்தாலிக்காரி, லாரிக்காரன் தன் கையைப் பிடித்தபோது சொன்னது ‘வலிக்குது, விடுங்க’ என்றுதான். அந்த ஒரு வரியை நான் உள்ளது உள்ளபடி சொன்னேன்.